சொல்லாமல் எடுத்த கமிஷன்

"கடல் பாத்ததுக்கும் கமிஷன் எடுத்திருக்கான்."

கம்பத்திலிருந்து தேனி போகும் காலைப் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் சொன்னது. ஏலக்காய் வியாபாரியாக இருக்க வேண்டும்; சட்டையிலேயே அந்த வாசம். கையில் கிரெடிட் கார்டு பில். பக்கத்தில் மனைவி, முக்காட்டுக்குள் பாதித் தூக்கத்தில். வெளியே திராட்சைப் பந்தல்கள் பனியில் மிதந்துகொண்டிருந்தன.

"மலேசியாவுல மக வீட்டுக்குப் போனமே, அங்கன கார்டு தேச்ச நூறு ரூவாய்க்கு மூணு ரூவா கூட. அதையும் தனியாக் காட்டாம, அந்த ஊர்ப் பணத்த ரூவாயா மாத்துற ரேட்டுக்குள்ளயே ஒளிச்சு வச்சிருக்கான். மாப்பிள்ளைதான் கணக்குப் போட்டுச் சொன்னாக."

"ஏலக்காய்க்கு நாம கமிஷன் எடுக்கலையாக்கும்?"

"எடுக்குறோம். ஆனா சாக்கு எடையக்கூட முன்னாடியே சொல்லித்தானே கழிக்கிறோம்? இன்னைக்கு பேங்குல கேக்காம விடமாட்டேன்."

பேருந்து சின்னமனூரைத் தாண்டியது. அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"அன்னைக்குச் சாயங்காலம் கடல்ல படகுல போனமே. தண்ணி பூராம் வெளக்கு. எறங்கவே மனசு வரல."

"ம்."

"வெலையே கேக்காம கார்ட நீட்டினீக. கல்யாணம் ஆன நாள்லருந்து நீங்க வெல கேக்காத நாள் அது ஒண்ணுதான்."

"ம்."

"இந்தக் கமிஷன முன்னாடியே சொல்லியிருந்தா, என்னைய அந்தப் படகுல ஏத்தியிருப்பீகளா?"

அவர் பில்லை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஏத்தியிருக்க மாட்டேன்."