ஏழரை மணிக்கு மூடும் பக்கம்

கையில் சுத்தியலும் கண்ணில் கண்டிப்புமாக இந்த விருந்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நீர்நாய்கள் ஆதரவாளர் சங்கத் தலைவர் லொரெய்ன் கூபிக் அம்மையார் அவர்களே! நாற்பது ஆண்டுகளாக நம் கல்லூரிக் கால்பந்து அணியான நீர்நாய்கள் தோற்பதைப் பார்த்தும் நெஞ்சு தளராத முன்வரிசைப் பெரியவர்களே! விடியற்காலையில் மாவு பிசைந்து, கசகசாவும் ஆப்ரிகாட்டும் வைத்து, மலை மலையாகக் கொலாச்சே சுட்டு அடுக்கிய தாய்மார்களே! அந்த மலையைப் பேச்சு தொடங்கும் முன்பே தரைமட்டமாக்கிவிட்ட ஆட்டக்காரர்களே! சமையலறைக் கதவருகே, காப்பி அண்டாவுக்குப் பக்கத்தில், குறிப்பேட்டை முழங்காலில் விரித்துக்கொண்டு, உருளப்போவது தன் தலைதான் என்று தெரிந்தும் அதையும் செய்தியாக எழுத வந்திருக்கும் ‘மெசெஞ்சர்’ நாளிதழின் விளையாட்டு நிருபர் மைலோ புரோஹாஸ்கா அவர்களே! உங்கள் அனைவருக்கும் மெயின் தெரு இரும்புக் கடை ஹார்லன் டீட்ஸின் அன்பான மாலை வணக்கம்.

என்ன, பின்வரிசையில்? கேட்கவில்லையா? உன்னுடைய மூன்றாவது தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார், எமில், கேட்கும்.

நான் எதற்காக இங்கே நிற்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தீர்மானத்தை முன்மொழிய என்னை அழைத்திருக்கிறார்கள். மைலோவை விளையாட்டுப் பக்கத்திலிருந்து நீக்கும்வரை வில்லோ ஃபோர்க் ஊரில் ஒரு வீட்டு வாசலிலும் ‘மெசெஞ்சர்’ விழக்கூடாது. அதுதான் தீர்மானம். ஏற்கெனவே முந்நூறு வீடுகள் பேப்பரை நிறுத்திவிட்டன. இன்றைக்கு உங்கள் கைகள் உயர்ந்தால் நாளை மைலோவுக்கு வேலை இல்லை. பத்திரிகை ஆசிரியர் ரோஸ்மேரி ஹாக் அம்மையார் அதை என்னிடம் நேரிலேயே சொல்லிவிட்டார். அதோ, மூன்றாவது மேசையில் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டு, சாப்பிடாமல் இருக்கிறார்.

என்னை ஏன் அழைத்தார்கள்? இந்தப் பேப்பரை என்னைவிட அதிகம் திட்டியவன் இந்த மாவட்டத்தில் இல்லை. ஆசிரியருக்கு நாற்பத்தொரு கடிதம் எழுதியவன் நான். அதில் முப்பத்தெட்டை அவர்கள் போடவில்லை. போட்ட மூன்றிலும் நல்ல வரிகளை வெட்டிவிட்டார்கள்.

நான் கேட்கிறேன். நம் பிள்ளைகள் ஆறு ஆட்டம் தொடர்ந்து வென்றார்களே, அந்த ஆண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் பக்கத்தில் இருந்தது யார்? ஓடிய பிள்ளையா? ஓட வைத்த பயிற்சியாளரா? எமில் வீட்டுப் பூசணிக்காய்! நாலு பத்தி அகலத்துக்குப் பூசணிக்காய். பக்கத்தில் எமில் நின்றிருந்தான், அவனை வெட்டிவிட்டுப் பூசணியை மட்டும் போட்டார்கள். கோபிக்காதே எமில், படத்துக்கு அதுதான் நல்லது.

நம் ஆட்டம் எங்கே வந்தது? ஏழாம் பக்கத்தில். காணாமல்போன கிடாரிக் கன்றுக்கும் மெதடிஸ்ட் சபையின் மீன் விருந்துக்கும் நடுவில். கன்றுக்குப் பதினாறு வரி, நமக்குப் பதினாலு. கன்றின் நெற்றிச் சுட்டியை எழுதியவர்கள், நம் பிள்ளையின் பெயரை எழுதினார்களா?

இங்கேதான் என் வயிற்றெரிச்சல். நம் அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் பிடித்தவன் பெயர் பேப்பரில் வரும். பிடித்து ஓடியவன் பெயர் வரும். கைநழுவிக் கீழே போட்டவன் பெயர்கூட வரும். ஆனால் அவனுக்கு முன்னால் நின்று, நெஞ்சால் முட்டி, தோளால் தள்ளி, மண்ணில் புரண்டு, வழியைத் திறந்துவிட்ட தடுப்பு வரிசைக்காரன் பெயர் வராது. என் மகன் கர்ட்டிஸ் அந்த வரிசையில் இடப்பக்கம் நிற்பவன். எண் அறுபத்து நான்கு. நான்கு ஆண்டுகளாக நின்றான். இரண்டு விரல் உடைந்தது, ஒரு பல் போனது. ‘மெசெஞ்சர்’ அவன் பெயரை ஒரு தடவை அச்சிட்டதா? ஒரே ஒரு தடவை? அவன் பெயர் வரும் துண்டுகளை ஒட்டிவைக்க என் மனைவி ஜானிஸ் வாங்கிய ஒட்டுப்புத்தகம் நான்கு ஆண்டுகளாக வெறும் தாளாகவே அலமாரியில் இருந்தது.

கைதட்டுங்கள், தட்டுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடுவீர்கள்.

இப்போது அந்தத் தலைப்புக்கு வருகிறேன். ஹார்மன் ரிட்ஜ் கல்லூரியிடம் பத்து ஆண்டு தொடர்ந்து தோற்றோம். இந்த ஆண்டு, அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, இருபத்தொன்றுக்கு இருபது என்று வென்றோம். மறுநாள் காலை, தேவாலயத்துக்குப் புறப்படும் முன் பேப்பரைப் பிரித்தீர்கள். தலைப்பு என்ன? ‘பதினோராம் ஆண்டும் மூழ்கின நீர்நாய்கள்.’ மேலே, ‘மைலோ புரோஹாஸ்கா’ என்ற பெயர். கொதித்தீர்கள். பாதிரியார் பிரசங்க மேடையிலேயே பேப்பரை மடித்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார் என்று கேள்வி. பேப்பரை நிறுத்தும் கடிதங்கள் செவ்வாய்க்கிழமைக்குள் முந்நூறு. ஒரு கடிதம் என்னுடையது.

அந்தத் தலைப்பை எழுதியது யார் தெரியுமா?

நான்.

அமைதி, அமைதி. லொரெய்ன், சுத்தியலைக் கொஞ்சம் தட்டுங்கள். ஆமாம், இந்த ஹார்லன் டீட்ஸ்தான். நடந்ததைச் சொல்கிறேன்.

மைலோவின் தங்கை மகளுக்கு அந்தச் சனிக்கிழமை அயோவாவில் கல்யாணம். முந்தைய வாரம் என் கடைக்கு வந்தார், அரை அங்குல ஆணி வாங்க. நான் வழக்கம்போலத் தொடங்கினேன். நீ எழுதுவதை என் கடைப் பூனை எழுதும் என்றேன். மைலோ ஆணியை எண்ணிக்கொண்டே சொன்னார்: “சரி ஹார்லன், வர்ற சனிக்கிழமை பூனையை அனுப்பு. முந்நூறு வார்த்தை. ஏழரைக்குள்ள போன்ல சொல்லிடணும்.” பத்திரிகை ஆசிரியரும் சம்மதித்தார். கடிதம் வருவது ஒரு வாரமாவது நிற்கும் என்று நினைத்திருப்பார்.

ஏழரை என்பதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, ஐயா. பேப்பர் நூற்றிருபது மைல் தள்ளி அச்சாகிறது. ஏழரைக்குப் பக்கம் மூடும். ஆட்டம் ஐந்து மணிக்குத் தொடங்கும், எட்டுக்கு முடியும். இத்தனை ஆண்டுகளாக மைலோ முடியாத ஆட்டத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? நாற்பத்தொரு கடிதம் எழுதிய நான் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை.

நிருபர்கள் உட்காரும் கூண்டில் ராஜா மாதிரி போய் உட்கார்ந்தேன். ஏழு இருபத்தைந்துக்கு இருபதுக்கு ஆறு என்று பின்னால் இருக்கிறோம். கடைசியான நான்காம் பகுதி அப்போதுதான் தொடங்குகிறது. என்ன எழுதுவது? காத்திருக்க நேரம் இல்லை. பத்து ஆண்டு தோற்ற அணி பதினோராம் ஆண்டும் தோற்கும் என்று என் கை சொன்னது. எழுதினேன். தலைப்பையும் நானே சொன்னேன். “மூழ்கின நீர்நாய்கள்” என்றபோது எதிர்முனையில் தட்டச்சு செய்த பெண் சிரித்தாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டு மணிக்கு வென்றோம்! கூண்டிலிருந்து தொலைபேசிக்குப் பாய்ந்தேன். அந்தப் பெண் சொன்னாள்: “ஐயா, பக்கம் போயிடுச்சு. வேணும்னா நூத்தியிருபது மைல் ஓடிப் போய் மெஷினை நிறுத்துங்க.”

மேலே மைலோ பெயர் எப்படி வந்தது என்கிறீர்களா? அந்த இடத்தில் எப்போதும் அவர் பெயர்தான். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெயின் தெருவில் நீங்கள் மைலோவைத் திட்டியபோது நான் நடுவில் நின்றேன். நான்தான் என்று சொன்னேனா? சொல்லவில்லை. நீங்கள் திட்டினீர்கள், நானும் சேர்ந்து திட்டினேன். நீங்கள் பேப்பரை நிறுத்தினீர்கள், நானும் நிறுத்தினேன். வெட்கமாக இருக்கிறது, ஐயா. சபையில் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

சிரிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. அன்றைக்கு மூன்றாம் பகுதி முடிந்ததும், வண்டி நெரிசலுக்கு முன் வீடு போய்ச் சேரலாம் என்று எழுந்து போனவர்கள் எத்தனை பேர்? கூண்டிலிருந்து நான் பார்த்தேனே! கிழக்குப் பக்கப் படிகள் முழுக்கக் காலி. லொரெய்ன் அம்மையார் போர்வையை மடித்துக்கொண்டு போனார். எமில் கையில் பாதிக் கடலையோடு போனான். அப்படியென்றால் தோல்வியை முன்கூட்டியே எழுதியவன் நான் ஒருவன்தானா? நான் பேனாவால் எழுதினேன், நீங்கள் காலால் எழுதினீர்கள். எழுதாதவர்கள் யார்? மைதானத்தில் நின்ற பதினோரு பிள்ளைகள் மட்டும்தான்.

இப்போது கதையின் கடைசிக்கு வருகிறேன். போன வாரம் கடையில் ஒரு விளக்குக் கண்ணாடியைப் பொதிய முடிதிருத்துபவர் கொடுத்த பழைய பேப்பர் கட்டை எடுத்தேன். நான் நிறுத்திய பேப்பரில்தான் நான் சாமான் கட்டுகிறேன், பாருங்கள். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டி. அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. முந்நூறு வீட்டில் யாரும் படிக்காதது. வெட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், வாசிக்கிறேன்:

‘திருத்தம். சனிக்கிழமை ஆட்டத்தில் நீர்நாய்கள் இருபத்தொன்றுக்கு இருபது எனும் கணக்கில் வென்றனர். வெற்றி தந்த கடைசி இரண்டு புள்ளிகளுக்கு வழி திறந்தவர், தடுப்பு வரிசையின் இடப்பக்கம் நின்ற அறுபத்து நான்காம் எண் கர்ட்டிஸ் டீட்ஸ். தவறுக்கு வருந்துகிறோம்.’

நான்கு ஆண்டுகளில் முதல் தடவை. என் மகன் பெயர்!

மைலோ கல்யாணத்திலிருந்து திரும்பி வந்து, ஞாயிறு மதியம் பயிற்சியாளரோடு உட்கார்ந்து ஆட்டப் படச்சுருளை ஓட்டிப் பார்த்திருக்கிறார். யார் யாரை முட்டினான் என்று தேடி எழுதியிருக்கிறார். எனக்கு முந்நூறு வார்த்தை கொடுத்தார்கள், ஐயா. முந்நூறு! பெற்ற அப்பன் நான், என் மகன் பெயரை நான் எழுதவில்லை. பந்தைப் பிடித்தவனை எழுதினேன். ஓடியவனை எழுதினேன். கீழே போட்டவனை இரண்டு தடவை எழுதினேன்.

ஓடினேன் மைலோவிடம். நான்தான் எழுதினேன் என்று ஏன் ஊரில் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தட்டச்சை நிறுத்தாமலே சொன்னார்: “நீ இந்தத் தெருவுல கடை நடத்தணும், ஹார்லன். எனக்கு திட்டு வாங்கிப் பழக்கம். பாதி உன்கிட்டதான் வாங்கினேன்.”

இன்று காலை கர்ட்டிஸிடமும் சொல்லிவிட்டேன். அவன் கேட்டான்: “ஏம்ப்பா, நீங்களே எழுதியும் என் பேர் வரலையா?” சிரித்துச் சிரித்து, பல் போன இடைவெளி தெரியச் சிரித்தான். இப்போதும் சிரிக்கிறான் பாருங்கள். ஜானிஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஒட்டுப்புத்தகத்தை எடுத்து, பசை தடவி, முதல் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறாள். இந்தத் துண்டைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே என் இனிய ஊராரே! பூசணிக்காயைப் பெரிதாகப் போட்ட பேப்பர்தான். கன்றுக்குப் பதினாறு வரி கொடுத்த பேப்பர்தான். நாளைக்கும் திட்டுவோம், நாளை மறுநாளும் திட்டுவோம், நாற்பத்திரண்டாம் கடிதத்தை நானே தொடங்கிவிட்டேன், பக்கத்தை ஒன்பதுக்கு மூடச் சொல்லி! ஆனால் திட்டுவதற்காவது வாசலில் பேப்பர் விழ வேண்டாமா? நம் பிள்ளைகளுக்காகப் படச்சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க இந்த ஊரில் மைலோவை விட்டால் யார் இருக்கிறார்கள்? நீங்கள் இருக்கிறீர்களா? நீங்கள்தான் மூன்றாம் பகுதியிலேயே போய்விடுகிறீர்களே!

என்னை முன்மொழியச் சொன்ன தீர்மானம் இதோ. கிழிக்கிறேன். என் தீர்மானம் வேறு. நிறுத்திய முந்நூறு வீடுகளும் திங்கட்கிழமை பேப்பரைத் திரும்பக் கேட்க வேண்டும். மைலோ அவர் நாற்காலியிலேயே இருக்க வேண்டும். தப்பு யாருடையது என்பது நாளைக் காலைப் பேப்பரில் என் பெயரோடு வர வேண்டும்.

லொரெய்ன் அம்மையாரே, இப்போதே வாக்கெடுங்கள். மணி ஏழு இருபது, சமையலறைச் சுவரில் தொலைபேசி இருக்கிறது, நேரம் போதும். சபைக்கும், தலைவருக்கும், தாய்மார்களுக்கும், பொறுமை காத்த தடுப்பு வரிசைப் பிள்ளைகளுக்கும் என் நன்றி, என் வணக்கம்.

மைலோ, அங்கே என்ன எழுதுகிறாய்? பேனாவை மூடு. நான் செய்ததை நீ செய்யாதே. கைகள் உயரட்டும், லொரெய்ன் எண்ணி முடிக்கட்டும், அப்புறம் எழுது.