இரண்டாம் இடத்துக்காரி

நாடீன்: அதைக் கீழ வை.

வெண்டல்: எதை?

நாடீன்: கையில இருக்கிற, இரும்பு குடையுற கிரைண்டரை. வை கீழ.

வெண்டல்: சர்ச்சுல ஜெபம் பண்ணிட்டு வந்தவ பேசுற பேச்சா இது? குட் மார்னிங் சொல்லு முதல்ல.

நாடீன்: மணி பன்னெண்டரை. என்னடா மார்னிங்... டேய், இரு. அந்த பெஞ்சு மேல கிடக்கிறது என் கார் இன்ஜின் ஹெட்டா?

வெண்டல்: பின்ன, பாதிரியார் கார் ஹெட்டா?

நாடீன்: நேத்து சாயங்காலம் ரேஸ் ஓடின இன்ஜின்டா அது! விடிஞ்சதும் விடியாததுமா, மேல மூடியா இருக்கிற ரெண்டு ஹெட்டையும் கழட்டிப் போட்டிருக்க. யாரைக் கேட்டுக் கழட்டின?

வெண்டல்: நான் மாட்டினது, நான் கழட்டினேன். கார் உன்னுது, ஹெட்டு என்னுது. அந்தப் பொட்டலத்துல என்ன?

நாடீன்: பன்னிக்கறி சாண்ட்விச். பேச்சை மாத்தாத. அப்புறம், உன் டிரக்கைக் கொஞ்சம் தள்ளி நிறுத்து, என் வண்டி உள்ள வரல. அந்தக் கிரேனை இன்னுமா இறக்கல?

வெண்டல்: எந்தக் கிரேன்?

நாடீன்: ஊர்ல எத்தனை கிரேன் வெச்சிருக்க? இன்ஜின் தூக்குறது. சனிக்கிழமை ஆனா அதை டிரக்குல ஏத்திக்கிட்டு கடகடன்னு மைதானத்துக்கு வர்ற. ஏழு வாரமா எல்லாரும் பாத்துச் சிரிக்கிறாங்க. ரேஸ் பாக்க வர்றவன் கிரேனையா தூக்கிட்டு வருவான்?

வெண்டல்: இறக்கச் சோம்பேறித்தனம்.

நாடீன்: யாருக்கு, உனக்கா? ஸ்பேனரைக்கூட சைஸ் பாத்து அடுக்குற ஆளு நீ.

வெண்டல்: பின்னாடி கனம் இருந்தா சேத்துல டயர் வழுக்காது. போதுமா? சாண்ட்விச்சைக் குடு.

நாடீன்: எதுக்குக் கழட்டினன்னு சொல்லு, குடுக்கிறேன்.

வெண்டல்: ஏழு ரேஸ். ஏழுலயும் ரெண்டாவது. இன்னும் எதுக்குன்னு கேக்குறியே.

நாடீன்: ரெண்டாவதுன்னா அவ்வளவு இளக்காரமா? இருபத்திரெண்டு கார் ஓடுது அங்க.

வெண்டல்: பத்தாவதா வந்தா எனக்குத் தூக்கம் வரும்க்கா. கடைசி ரவுண்டு வரைக்கும் நீதான் முன்னாடி. பத்தொம்பது ரவுண்டு எவனாலயும் உன் பின் பம்பரைத் தொட முடியல. இருபதாவது ரவுண்டு, மூணாவது வளைவு... சத்தம் அப்படியே இறங்குது. ஹார்லன் உள்பக்கமா நுழைஞ்சு போயிடுறான்.

நாடீன்: அந்த இடத்துல மண்ணு வழுக்கும்டா...

வெண்டல்: மண்ணு இல்ல. என் வேலைல தப்பு.

நாடீன்: உன் வேலைல ஒரு தப்பும் இல்ல.

வெண்டல்: அப்ப யார்கிட்ட தப்பு? நீ காலை எடுக்கிற ஆளா? அப்பா டிராக்டர்லயே பிரேக் எங்க இருக்குன்னு தெரியாம ஓட்டினவ நீ. அதனாலதான் சொல்றேன், இன்ஜின்லதான் கோளாறு. பத்தொம்பது ரவுண்டு ஓடி இரும்பு நல்லா சூடேறினதும் மூச்சு முட்டுது. முதல்ல, ஹெட்டுல காத்து போற அந்த ஆறாவது ஓட்டையா இருக்கும்னு நெனச்சேன்.

நாடீன்: பிப்ரவரில பொத்துக்கிட்டுதே, அதா?

வெண்டல்: ...நான் அதை உன்கிட்ட சொல்லவே இல்லையே.

நாடீன்: நீ சொல்லணுமா? எலும்பை உறைய வைக்கிற குளிர்ல, வீட்டுக்குப் பின்னாடி கறி சுடுற அடுப்புல ரெண்டு மூட்டை கரியைக் கொட்டி, இரும்பைச் சுட்டுக்கிட்டு இருந்த. உன் பக்கத்து வீட்டு மார்ஜ் எனக்கு போன் பண்ணி, "உன் தம்பி வீட்ல என்ன விருந்து"ன்னு கேட்டா.

வெண்டல்: அந்தப் பொம்பளைக்கு ஜன்னலை விட்டா வேற வேலையே கிடையாது.

நாடீன்: எப்படிடா பொத்துச்சு?

வெண்டல்: காத்து நல்லா உள்ள போகட்டும்னு ஓட்டையைக் குடைஞ்சுக்கிட்டே போனேனா... கை நல்லா ஓடுச்சு அன்னிக்கு. ஒரு நூல் தாண்டிட்டேன். சுவரைத் துளைச்சுக்கிட்டு, தண்ணி ஓடுற அறைக்குப் போயிடுச்சு. அவ்வளவுதான், குப்பைல போடணும்.

நாடீன்: போடலயே.

வெண்டல்: வேற ஹெட்டு வாங்க எங்க போறது? இதுவே சோளக்காட்டுல கிடந்த செத்த டிரக்குலேர்ந்து, ஒரு பன்னித் தொடையைக் குடுத்து மாத்தினது. வார்ப்பிரும்பைக் குளிர்ச்சியா வெச்சு ஒட்டினா பக்கத்துலயே விரிசல் விடும். அதான் முழுசாச் சுட்டு, பித்தளை ஊத்தி, சூடு ஆறுறதுக்குள்ள சாம்பல் டிரம்முல புதைச்சிட்டேன். மெதுவா ஆறணும். ரெண்டு நாள் தொடல.

நாடீன்: தொடலதான். ரெண்டு நாளும் டிரம்முக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருந்த. மார்ஜ் அதையும் சொன்னா.

வெண்டல்: ...சரி. அந்த ஒட்டுதான் சூட்டுல விட்டு தண்ணி சிலிண்டர்ல இறங்குதோன்னு கழட்டிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. காஞ்சு கிடக்கு. பிளக்கெல்லாம் பிஸ்கட் நிறத்துல இருக்கு, நல்லா எரியுதுன்னு அர்த்தம்.

நாடீன்: நல்லதுதானே! மாட்டிடு.

வெண்டல்: எப்படி மாட்டுறது? ஒட்டு நல்லா இருக்கு, வால்வு நல்லா உக்காருது, பன்னிக்கு ஊசி போடுற சிரிஞ்சுல எண்ணெய் ஊத்தி எட்டுக் குழியையும் மறுபடி அளந்தேன், எட்டும் ஒரே அளவு. அப்போ மிச்சம் ஒண்ணுதான். ஓட்டை பத்தல. இன்னும் அரை நூல் குடைஞ்சா...

நாடீன்: ஆறாவதையுமா?

வெண்டல்: எட்டையும்தான்.

நாடீன்: அதுல சுவர் எவ்வளவு மிச்சம் இருக்கு?

வெண்டல்: இருக்கு.

நாடீன்: எவ்வளவு?

வெண்டல்: தட்டிப் பாத்தா காலி காபி டப்பா மாதிரி சத்தம் வருது. பாத்துக்கலாம். தள்ளு அந்தாண்ட, தூள் கண்ணுல படும்... ஏய்! ஏன் வயரைப் பிடுங்குற?

நாடீன்: பிடுங்குவேன்.

வெண்டல்: அக்கா, சின்னப் புள்ளையா நீ? வயரைக் குடு.

நாடீன்: ஓட்டை பத்தும்டா. வேணுங்கிறதுக்கு மேலயே பத்தும்.

வெண்டல்: உனக்கெப்படித் தெரியும்?

நாடீன்: எனக்குத்தான் தெரியும். அந்த சீட்டுல உக்காந்திருக்கிறது நான்... வெண்டல், கோவப்படாமக் கேளு.

வெண்டல்: இப்படி ஆரம்பிச்சா கோவம்தான் வரும்.

நாடீன்: கடைசி ரவுண்டுல... நான் காலை எடுக்கிறேன்.

வெண்டல்: எங்கேர்ந்து?

நாடீன்: சர்ச் பெஞ்சுலேர்ந்து. ஆக்சிலேட்டர்லேர்ந்துடா!

வெண்டல்: ...விளையாடாத.

நாடீன்: மூணாவது வளைவு வந்ததும் எடுத்துடுவேன். ஹார்லன் போனதும் திரும்ப மிதிப்பேன்.

வெண்டல்: நேத்து மட்டுமா?

நாடீன்: ஏழு வாரமும். ஏதாவது திட்டு.

வெண்டல்: ஏழு வாரமா நான் ஒழுங்காச் சாப்பிடல, தெரியுமா உனக்கு? வேலைல எங்க தப்பு, எங்க தப்புன்னு... காசு வாங்கினியா அவன்கிட்ட?

நாடீன்: அறைஞ்சிடுவேன்.

வெண்டல்: பின்ன எதுக்கு?

நாடீன்: நம்ம ஓடுற ரேஸ் கிளாஸுக்கு ரூல் என்ன? சொல்லு.

வெண்டல்: இரும்பு ஹெட்டுதான் போடணும்.

நாடீன்: அடுத்தது.

வெண்டல்: அடுத்தது... ஜெயிச்ச கார் இன்ஜினை, அதே ரேஸ்ல ஓடின எவன் வேணும்னாலும் ஆயிரம் டாலரை வெச்சுட்டுக் கேக்கலாம். அங்கயே கழட்டிக் குடுத்துடணும். மாட்டேன்னா அந்த வருஷம் பூரா வெளிய நிக்கணும்.

நாடீன்: அதேதான்.

வெண்டல்: அது காசுக்காரன் காசைக் கொட்டி இன்ஜின் கட்டிடக் கூடாதுன்னு வெச்சது. நம்மளை மாதிரி ஆளுங்களுக்காக வெச்ச ரூலு. அதுக்கும் நீ காலை எடுக்கிறதுக்கும்...

நாடீன்: ஹார்லன் மே மாசத்துலேர்ந்து ஆயிரம் டாலரைச் சட்டைப்பைல மடிச்சு வெச்சுக்கிட்டுத் திரியுறான்டா. என்கிட்டயே தட்டிக் காமிச்சான். "நீ ஜெயிச்சுக் கோட்டைத் தாண்டினதும் என் டிரெய்லரைக் கொண்டாந்து நிறுத்துவேன்"னான்.

வெண்டல்: ஹார்லனா?

நாடீன்: ஆமா.

வெண்டல்: ஹார்லன் கிரூஸா? கடைல காசு குடுத்து இன்ஜின் கட்டி வாங்குறவனா?

நாடீன்: அவனேதான். அவன் ஏழு தடவை ஜெயிச்சான், அவன் இன்ஜினை ஒருத்தனாவது கேட்டானா? நம்ம இன்ஜின்மேலதான் எல்லாருக்கும் கண்ணு.

வெண்டல்: என்ன சொன்னான்? ஒரு வார்த்தை விடாம சொல்லு. இன்ஜின் வேணும்னானா, ஹெட்டு வேணும்னானா?

நாடீன்: எதுன்னா என்ன, ரெண்டும் சேந்துதான போகும்?

வெண்டல்: சொல்லுக்கா.

நாடீன்: "இன்ஜின் பிளாக்கு எனக்கு எதுக்கு, வெண்டல் குடைஞ்ச ஹெட்டு ரெண்டும்தான் வேணும்"னான். போதுமா?

வெண்டல்: பேர் சொன்னானா?

நாடீன்: சொன்னான். ஏன்டா முகத்தை அந்தப் பக்கம் திருப்புற? இங்க பாரு. அதுக்குத்தான் உன்கிட்ட சொல்லல. நவம்பர்ல நீ வேலை பாத்த ஃபேக்டரியை மூடினாங்க. அதுலேர்ந்து நீ யார்கிட்டயும் வாயைத் திறக்கல. சமைச்சுக் கொண்டாந்தா, தட்டு அப்படியே கிடக்கும். எனக்கு பயமா இருந்துச்சுடா. தினம் ஸ்கூல் பஸ் ஓட்டிப் புள்ளைங்களை இறக்கிட்டு, உன் வீட்டு வழியாவே வருவேன். கராஜுக்குள்ள இந்தக் கிரைண்டர் சத்தம் கேட்டாத்தான் எனக்கு உயிர் வரும். அந்தக் குளிர்காலம் பூரா உன்னைப் பிடிச்சு வெச்சது இந்த ரெண்டு இரும்புதான். அதைப் போய் ஹார்லனுக்கு...  என்னால முடியல. எனக்கு ரெண்டாவது இடம் போதும்... அழறியா?

வெண்டல்: இரும்புத் தூளு.

நாடீன்: கிரைண்டரே ஓடலயேடா.

வெண்டல்: அந்த ஃபேக்டரில பத்தொம்பது வருஷம்க்கா. அறுவடை மெஷினுக்கு வெல்டு வெச்சேன். அயோவா பூரா ஓடுது. ஒரு நாளாவது எவனாவது, இந்த வெல்டு யார் வெச்சதுன்னு கேட்டிருப்பானா?

நாடீன்: அதுக்காக? ஹார்லன் கேட்டா தூக்கிக் குடுத்துடுவியா?

வெண்டல்: கோப்பை உன் பேர்ல. படத்துல நீ நிப்ப. எவனாவது இன்ஜினைக் கேக்குறான் பாரு, என் பேர் வர்ற இடம் அது ஒண்ணுதான். குப்பையை எவனும் கேக்க மாட்டான்.

நாடீன்: இப்படிச் சொல்லுவ. அவன் டிரெய்லரைக் கொண்டாந்து நிறுத்தினா உனக்கு மனசு கேக்காது.

வெண்டல்: கேக்காதுதான்.

நாடீன்: அப்புறம் மறுபடி வந்து இருட்டுல உக்காருவ. எனக்குத் தெரியாதா உன்னை? வேணாம்டா. இப்படியே இருக்கட்டும்.

வெண்டல்: அக்கா... அந்தக் கிரேனை எதுக்கு ஏழு வாரமா டிரக்குல சுமக்கிறேன்னு நெனச்ச? நீ ஜெயிச்சு, எவனாவது வந்து அந்த இன்ஜின் வேணும்னு கேட்டான்னா... வேற எவன் கையும் படக்கூடாது, நானே தூக்கிக் குடுக்கணும்னுதான்.