சிவப்பக்கா கேட்ட ஆட்கள்

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் அக்காவின் கணவர் அவர்களே, அக்காவின் அன்பு மகளே, சோதனைப் பிரிவில் மிச்சமிருக்கும் தோழர்களே, வணக்கம். அக்காவின் இரங்கல் கூட்டத்தில் ஆறுதல் சொல்ல எழுந்தேன். என்னிடம் ஆறுதல் இல்லை.

ஆம்புலன்ஸ்களை அனுப்பும் மென்பொருளைச் செய்கிறோம் நாம். அதன் சோதனைப் பிரிவுத் தலைவியை ஏன் சிவப்பக்கா என்று அழைத்தோம்? நிரலில் எந்த வரியைச் சோதனைகள் தொட்டன, எதைத் தொடவில்லை என்று கணினி காட்டும். தொட்டது பச்சை, தொடாதது சிவப்பு. நாமெல்லாம் பச்சையைப் பார்த்துப் பூரித்தோம். அவர் சிவப்பைப் பார்த்தார்.

முதல் வெளியீட்டின்போது, இருந்த கொஞ்சம் பேரும் உள்நுழைவுத் திரையையே திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தோம். சிவப்பு எல்லாம் ஒன்றல்ல என்றார் அக்கா. “எது உடைஞ்சா உயிர் போகும்? அங்க ஆளைப் போடு. மத்தது காத்திருக்கட்டும்.”

வண்டி வழியில் பழுதானால் வேறு வண்டியை அனுப்பும் பகுதி முழுச் சிவப்பு. அங்கே எங்களை இறக்கினார். பிற்பகலுக்குள் தெரிந்துவிட்டது: வண்டி பழுதானால் அந்த அழைப்பே திரையிலிருந்து மறைந்துவிடும். அழைத்தவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வெளியீடு தள்ளிப்போனதற்கு விற்பனை மேலாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். குதிக்கிறவர் வண்டிக்குக் காத்திருக்கிறவர் இல்லையே என்று சிரித்தார் அக்கா.

அந்த வெற்றி நிலைத்ததா? அதே பகுதியைப் புதிதாக மாற்றி எழுதினார்கள். பழைய சோதனைகள் உதவாமல் போயின. மீண்டும் சிவப்பு. அக்கா ஆள் கேட்டார். ஆட்களைத் திரையை அழகுபடுத்த அனுப்பினார்கள். மீண்டும் கேட்டார். மொத்தத்தில் பெரும்பகுதி பச்சைதானே என்றார்கள். கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றியது. அதற்குள் நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது.

மருத்துவமனைக்குப் போனேன். மகள் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அக்கா என்னை வாவென்றுகூடச் சொல்லவில்லை. “அதை யாராச்சும் தொட்டாங்களா?” என்றார்.

இல்லை என்றேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு மாலையா கைம்மாறு? போன வாரம் எங்கள் பிரிவையே கலைப்பதாக அறிவித்துவிட்டீர்கள். அந்தப் பகுதி இன்றும் சிவப்பாகவே கிடக்கிறது. அவர் பணியைத் தொடர்வோம் என்று நான் இங்கே சூளுரைக்க வேண்டும். யாரை வைத்துத் தொடர்வது? எதைக் கொண்டு தொடர்வது?

எங்கள் கையில் ஒன்றே ஒன்று மிச்சம். தலைவர் அவர்களே, புதிய வெளியீட்டுக்குச் சோதனைப் பிரிவின் ஒப்புதல் கேட்டு நாளை வருவீர்கள். தரமாட்டோம். எங்களை அனுப்பிவிட்டு நீங்கள் வெளியிடலாம். தடுக்க எங்களுக்குச் சக்தியில்லை. ஆனால், சோதித்துப் பார்த்தோம் என்று அக்காவின் பிரிவு சொல்லாது.