கல்லாற்றில் ஒரே பாறையாகத் தெரிந்த இரண்டு பாறைகள்

என் பெயர் ஞானையன். தகப்பனார் மாசிலாமணி, காலமானவர். வயது நாற்பத்தாறு. கல்யாண வீடியோ எடுப்பது தொழில். சொந்த ஊர் பாறசாலை. இப்போது கழக்கூட்டத்தில் ஹைவே ஓரம் வாடகை அறையில் இருக்கிறேன். கூட யாரும் இல்லை. ஊரார் கல்யாணத்தையெல்லாம் எடுத்தவனுக்குத் தன் கல்யாணம் கைகூடவில்லை; வேண்டாமென்றால் இதை வாக்குமூலத்தில் எழுதாமல் விடலாம். மலையாளம் பேசுவேன், எழுத வாசிக்க வராது, ஆகவே தமிழில் சொல்கிறேன்.

2001 செப்டம்பரில் அருமைநாயகம் மகன் அஜினுக்கும் சுமிக்கும் நடந்த கல்யாணத்தை நான் எடுத்தேன். மணமக்களை வெளியே கூட்டிப்போய் நடக்கவிட்டு, சிரிக்கவிட்டு, பாட்டு சேர்த்தால்தான் இங்கே கல்யாண கேசட் முழுசாகும். அதற்காக மறுநாள் காலையில் காரில் கல்லாறு போனோம். சுமியின் அண்ணன் ஷாஜியும் வந்தார். அவர் ரோட்டோரக் கடையில் சாயா குடிக்க உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு நாங்கள் மூவரும் ஆற்றுக்குள் இறங்கினோம். சுமியை அஜின் பக்கத்தில் ஒட்டி நிற்கச் சொன்னேன். அவளுக்கு ஒரே கூச்சம். "ஆளுவ பாக்காவ அண்ணா, நான் தள்ளியே நிக்கேன்" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. கேமராவின் முன்னால் டெலி லென்ஸ் மாட்டித் தூரத்திலிருந்து எடுத்தால், தள்ளி நிற்பவர்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதுபோல் தெரியும். கூச்சப்படுகிற ஜோடிகளுக்கெல்லாம் நான் இப்படித்தான் செய்வது. அதனால் அஜினை ஒரு பாறையிலும், அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிற்கும் இடைவெளி விட்டு இன்னொரு பாறையில் சுமியையும் நிறுத்தினேன். நடுவில் தண்ணீர் வேகமாக ஓடியது. இருவரும் என் பக்கம் பார்த்து நிற்க வேண்டும், நான் கையைத் தூக்கினால் நன்றாகச் சிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆற்றின் மேல்பக்கமாகக் கூப்பிடு தூரத்துக்கும் அப்பால் போய் ஸ்டாண்டில் கேமராவை வைத்தேன்.

கேமராவில் பார்த்தபோது இரண்டு பாறையும் ஒரே பாறையாக இருந்தது. சுமியின் முகம் அஜினின் தோளுக்கு மேலே, அவன் காதில் ஏதோ சொல்லப்போவதுபோல் இருந்தது. எனக்கே மனசு நிறைந்தது. சிறிது நேரத்தில் அந்த முகம் தோளுக்குப் பின்னால் இறங்கியது. கூச்சத்தில் ஒளிகிறாள் என்று நினைத்தேன். மேலே வரவில்லை. அதன் பிறகு கேமராவிலிருந்து கண்ணை எடுத்து வெறுமனே பார்த்தேன். வெகு தூரத்தில் அஜின் மட்டும் விரல் அளவில் நின்றான். பின்பாறை காலியாக இருந்தது. பாசியில் கால் வழுக்கியிருக்க வேண்டும். தண்ணீர் அவளைக் கீழ்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

நான் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன். ஆற்றின் இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. நான் கை தூக்கியதைப் பார்த்து, சொல்லிக்கொடுத்தபடியே, அஜின் இன்னும் நன்றாகச் சிரித்தான். அவ்வளவு ஆட்கள் வருகிற இடத்தில் அன்றைக்கு நான் ஒற்றைக்கு நின்றதுபோல் ஒருநாளும் நின்றதில்லை. அதன் பிறகு கீழே ஓடினேன். ஓடும்போது கால் தட்டி ஸ்டாண்டு சரிந்தது. அதற்குமேல் கேசட்டில் வானம் மட்டும்தான் இருக்கிறது. நான் ஓடி வருவதைப் பார்த்து அஜின் திரும்பியதும், அலறியதும், தண்ணீரில் குதித்ததும் அதில் இல்லை. சாயாக் கடைக்காரர்கள் அவனை இழுத்துக் கரையேற்றினார்கள். சுமியை உயிரோடு எடுக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்தபின் ஷாஜி என் அறைக்கு வந்து கேசட்டை வாங்கிப்போய் வீட்டில் போட்டுக் காட்டியிருக்கிறார். "கைய நீட்டுனா பிடிச்சிருக்கலாம், சிரிச்சிட்டு நிக்கான் பாருங்க" என்றாராம். பார்த்த எல்லோருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். தங்கையைப் பறிகொடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அஜின் வேண்டுமென்றே சாகவிட்டான் என்று அவர் கொடுத்த புகார் பொய். அந்தத் தூரம் எவ்வளவு என்று தெரிந்தவர்களில் அஜினை விட்டால் நான் ஒருவன்தான் மிச்சம்.

இன்று காலையில் இந்தப் போலீஸ் நிலையத்தின் பெஞ்சில் அஜினைக் கண்டேன். கேசட்டை அவனுக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அண்ணா, இவ்வளவு பக்கத்துல நின்னுட்டு, நான் எதுக்கு அவளைப் பிடிக்கல?" என்று கேட்டான். நீ பக்கத்தில் நிற்கவில்லை, அது லென்ஸின் வேலை என்று சொன்னேன். "கேசட்டுல நான் கண்டேன்லா அண்ணா" என்றான். எத்தனை முறை சொல்லியும் அதையே சொன்னான்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது: அதே பாறைகளில் இரண்டு காவலர்களை நிறுத்தி, அதே லென்ஸில் எடுத்துக் காட்ட என்னை அனுமதிக்க வேண்டும். கோர்ட்டுக்கு அப்புறம் காட்டலாம். முதலில் அஜினுக்குக் காட்ட வேண்டும்.

யாரும் சொல்லித்தந்து இதைச் சொல்லவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, அவ்வளவும் உண்மை.

(ஒப்பம்)
மா. ஞானையன்