வானத்தைப் பார்க்காத பீரங்கிக்காரர்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் பெர்சி அவர்களே! பீர்மேட்டு மலையைப் பச்சை மாறாமல் காக்கும் பெரியோர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இந்தப் பிரட்டுக் களத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே! என்னிடம் வாய்ப்பாடு படித்து, இன்று என்னையே கேள்வி கேட்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நம் ஊர்ப் படைவீரர்களின் பெயர் தாங்கும் வீரர் கல்லில் சிலுவைராஜ் பெயரை வெட்டலாமா, கூடாதா? இன்றைய கேள்வி இது ஒன்றே.

சந்தேகப்படுகிறீர்கள். படலாம். சென்ற ஆண்டு ஒருவர் வந்தார். பகை விமானத்தைச் சுட்டேன், விமானியின் மீசையைக்கூடப் பார்த்தேன் என்றார். உடனே வெட்டினோம்! அவர் படையிலேயே இருந்ததில்லை என்று தெரிந்ததும் செதுக்கி எடுத்தோம். கல்லில் பள்ளம், நம் மனத்திலும் பள்ளம்.

அதன்பின் வந்தார் சிலுவைராஜ். ஆண்டு முழுக்க இங்கே தேயிலை ஃபேக்டரியில் நின்றவர் எப்போது பட்டாளத்துக்குப் போனார்? இதோ, கொழுந்து பறிக்கும் நம் மூக்கம்மாள் அவர் முகத்துக்கு நேரே கேட்டார்: “கொழுந்துச் சாக்கு தூக்குன ஆளு குண்டு தூக்குனாராக்கும்?” இப்போது சிரிக்கிறீர்களே, அன்று நானும் சிரித்தவன்தான்.

பிரதேச ராணுவம் என்று ஒன்று உண்டு, அன்பர்களே. அதில் இருப்பவருக்கு வேறு பிழைப்பு இருக்கும். ஆண்டுக்குச் சில வாரம் பயிற்சி. போர் வந்தால் அழைப்பு. விமானங்களைச் சுடும் பீரங்கி ரெஜிமென்ட்களும் ஒரு காலத்தில் அதில் இருந்தன. நம் எஸ்டேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் ரெஜிமென்ட் என்றால், அதன் ஒரு டிவிஷன்தான் பேட்டரி என்னும் பீரங்கிப் பிரிவு. கங்காணிக்குக் கீழே ஒரு கூட்டம் இருப்பதுபோல் ஒரு பீரங்கிக்கு ஏழெட்டுப் பேர். குறி பார்ப்பவர் ஒருவர். குழலைத் திருப்புபவர் ஒருவர். குண்டு எடுத்துக் கொடுப்பவர் ஒருவர்.

எழுபத்தோராம் ஆண்டுப் போருக்கு அழைத்தார்கள் என்கிறார் சிலுவைராஜ். பிறகு அந்தப் படைப்பிரிவையே கலைத்துவிட்டார்களாம். அவரிடம் இருந்த படைத் தாள்கள் மண்சரிவில் போயின. சான்று இல்லை, சாட்சி இல்லை. சந்தேகம் வருமா, வராதா?

விசாரிக்கச் சங்கம் என்னை அனுப்பியது. பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்றேன். தெரியாது என்றார். விமானம் வந்ததா என்றேன்.

“வந்துச்சுன்னு சொன்னாங்க சார்.”

“நீங்க பாக்கலையா?”

“நான் எதுக்குப் பாக்கணும்? நாலு நாலா கோத்த குண்டு எடுத்துக் குடுக்குறது என் வேலை. நான் மேல பாத்தா வாங்குறவன் கை சும்மா நிக்கும்லா?”

போருக்குப் போனவர் விமானத்தைப் பார்க்கவில்லையாம்! என் சந்தேகம் இரட்டிப்பானது. நேரே ஆனைக்கரைக்குப் போனேன். அங்கே ஆறுமுகசாமி, நிரந்தரப் படையில் இருபதாண்டு பீரங்கி இயக்கியவர். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அந்த எடத்துல நின்னவன் மேல பாத்திருந்தா, அவன நாங்க குண்டுப் பக்கமே விட்டிருக்க மாட்டோம் சார்” என்றார்.

மீசை வரை கண்டேன் என்றவரை ஒரே நாளில் நம்பினோம். காணாததைக் காணவில்லை என்றவரை எட்டு மாதம் நிற்க வைத்தோம். சந்தேகப்படுங்கள், தோழர்களே, ஆனால் ஆளைத் தெரிந்து சந்தேகப்படுங்கள். என் சொல்லையும் நம்ப வேண்டாம். அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார், எழுந்து கேளுங்கள். கேட்டு முடித்த பின் கையைத் தூக்குங்கள்.

பழைய பள்ளத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள் சிலர். கூடாது! புது இடத்தில் வெட்டுங்கள். விமானத்தை வீழ்த்திய வீரர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்; அதை அவர் பார்க்கவில்லை. ‘சிலுவைராஜ், குண்டு எடுத்துக் கொடுத்தவர்’ என்று வெட்டுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி, வணக்கம்.