நிலவுக்குப் பின்னால் மணி கேட்காது

நிலவுக்குப் போகிறவனுக்குக் கைவேலை கொஞ்சம்தான், மேடம். காத்திருப்பதுதான் அதிகம். என் கம்ப்யூட்டரை ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு வந்த உங்கள் கான்ஸ்டபிள், "இந்த வயசுல கேமா சார்?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். அது சுட்டுத் தள்ளுகிற கேம் இல்லை. விண்கலம் ஓட்டிப் பழகுகிற சிமுலேட்டர். அதில் அவசரக்காரனுக்கு வேலை இல்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஆட்களை வெளியே எடுப்பதுதான் பாதி வேலை. அக்கா பக்கவாதத்தில் படுத்ததும் வேலையை விட்டேன். எனக்குப் பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. அவளுக்கும் என்னை விட்டால் நாதி இல்லை. அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு வளர்த்தது அவள்தான். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைத்தான் என்ற பேச்சு பிறகு வேண்டாம்.

அவளுக்கு வலது கையில் விரல்கள் மட்டும் அசையும். மூச்சுக்கு ஆக்சிஜன் மெஷினும் மாஸ்க்கும். மாஸ்க் நழுவினால் அவளால் திரும்பப் போட்டுக்கொள்ள முடியாது. கூப்பிடலாம் என்றால், கத்துவதற்கு மூச்சு வேண்டுமே. அதற்காகத்தான் மணி வைத்தேன். பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிய அபாய மணி. அதை என் அறைச் சுவரில் மாட்டி, பொத்தானை அவள் விரலுக்கு அடியில் வைத்து டேப் ஒட்டினேன்.

மாஸ்க் எப்போதாவதுதான் நழுவியது. மணி எப்போதும் அடித்தது.

"என்னக்கா?"

"மழை வருதா பாரு."

"வரல."

"சரி, போ."

போய் உட்காருவேன். மறுபடியும் மணி.

"இப்ப என்ன?"

"ஒண்ணுமில்லடா. இருக்கியான்னு பாத்தேன்."

புலி வருது கதைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் எழுந்து போனேன். பல வருஷம் மணிச் சத்தத்துக்கு ஓடியே பழகிய கால் இது. படுத்த பிறகும் அவள் வாய் மட்டும் குறையவில்லை. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று, தினமும் வந்து அவளைப் பார்த்துப் போகிற நர்ஸம்மா கேலி செய்வார். நான்தான் வரவரப் பேசாமல் போனேன். ஒரு வீட்டில் ஒருத்தி ஓயாமல் பேசினால், மற்றவனுக்குப் பேச ஒன்றும் மிஞ்சுவதில்லை.

சிமுலேட்டரை முதலில் கையாலேயே ஓட்டிப் பார்த்தேன். ஒன்று, கலம் நிலவில் போய் மோதும். இல்லையென்றால் நடுவில் மணி அடிக்கும், எழுந்து போவேன். திரும்பி வந்து பார்த்தால் நிலவு எங்கேயோ பின்னால் கடுகு அளவுக்குத் தெரியும். அப்புறம்தான் ஆட்டோபைலட்டைக் கற்றுக்கொண்டேன். வழிகாட்டித் திரையில் நிலவைக் குறித்துக் கொடுத்தால் போதும். எங்கே எஞ்சினைப் பற்றவைக்க வேண்டும், எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று அதுவே கணக்குப் போட்டுவிடும். நிலவை நெருங்கியதும் கலம் தானாகவே வாலை முன்பக்கம் திருப்பிக்கொள்ளும், எஞ்சினை எரித்து வேகத்தைக் குறைக்கும், நிலவைச் சுற்ற ஆரம்பிக்கும். ஓட்டுகிறவன் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்த எரிப்பு நடக்கிற இடம் நிலவுக்குப் பின்பக்கம். அங்கே போனால் பூமி மறைந்துவிடும். ரேடியோ எட்டாது. திரையின் மூலையில் 'தொடர்பு இல்லை' என்று வரும். மேடம், அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் எனக்குத் தோள் இறங்கி, நன்றாக மூச்சு வந்தது. உலகத்தில் யாரும் என்னைக் கூப்பிட முடியாத இடம் அது. அந்த இடத்தில் மணி அடித்தால் அது நியாயமா? அதனால் மணி ஒயரில் ஒரு ஸ்விட்ச் வைத்தேன். பின்பக்கம் போகும்போது அணைப்பேன், பூமி தெரிந்ததும் போடுவேன். திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

"அக்கா, நிலாவுக்குப் பின்னால போறப்ப எனக்கு மணி கேக்காது. கொஞ்ச நேரந்தான், வந்துடுவேன்."

"அங்க யாருடா இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்ப என்னையும் கூட்டிட்டுப் போயேன். இங்க மட்டும் யாரு இருக்கா?"

"ஒரு சீட்டுதான்க்கா."

"அடேயப்பா, பெரிய ராக்கெட்டு! அக்காவுக்கு ஒரு ஓரம் இல்லையாக்கும்." சிரித்தாள்.

அந்த சிமுலேட்டரில் நேரத்தை வேகமாக ஓட்டலாம். ஓட்டினால் பின்பக்கம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். ஐந்து நிமிஷத்தில் அவளுக்கு என்ன ஆகிவிடப்போகிறது? முந்தாநாள் மத்தியானம் மட்டும் வேகத்தைக் கூட்டவில்லை. காலையிலிருந்து தலையணைக்கு, ஜன்னல் திரைக்கு, நிலாவில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பதற்கு என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிஜமாகப் போகிறவனுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம், அரை மணிக்கு மேலேயே, போய்வர வேண்டும் என்று தோன்றியது. நர்ஸம்மா வந்து போயாகிவிட்டது. பூமி மறைந்தது. ஸ்விட்சை அணைத்தேன்.

மணிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. மெக்கானிக் மணிச் சத்தத்தை நிறுத்துவான், விளக்கை நிறுத்த மாட்டான். அது தொழில் தர்மம். அந்த விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

அக்கா மணி அடிக்கிற விதம் எனக்குத் தெரியும். ஒரே ஒரு நீண்ட அழுத்து, அப்புறம் நான் வரும்வரை காத்திருப்பாள். இது அப்படி இல்லை. குட்டி குட்டியாக, விட்டு விட்டு, அவசரமாக. லிஃப்டுக்குள் விளையாட்டுக்கு அழுத்துகிறவன் எப்படி அழுத்துவான், மூச்சு முட்டுகிறவன் எப்படி அழுத்துவான் என்று பிரித்துச் சொல்ல என்னைவிட ஆள் கிடையாது. அவள் இருந்தது அடுத்த அறையில்தான். நான் விளக்கையும் பார்த்தேன், திரையையும் பார்த்தேன். கலம் அழகாக வாலைத் திருப்பியது. எஞ்சின் எரிந்தது. அது எரிந்து முடிவதற்கு முன்னாலேயே விளக்கு நின்றுவிட்டது.

பூமி மேலே வந்ததும் ஸ்விட்சைப் போட்டேன். மணி அடிக்கவில்லை. அடிக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. அது நன்றாக இருக்கும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். நன்றாகவே இல்லை, மேடம்.

பிறகு போய்ப் பார்த்தேன். மாஸ்க் கன்னத்தில் கிடந்தது. விரல் பொத்தான் மேலேயே இருந்தது. மாஸ்க்கைச் சரியாக மாட்டி, பட்டையை இழுத்துவிட்டு, முடியை ஒதுக்கிவிட்டேன். அதனால்தான் டாக்டர் இயற்கை மரணம் என்று எழுதிக் கொடுத்தார். அவர் மேல் தப்பு இல்லை. யாரும் என்னைச் சந்தேகப்படவும் இல்லை. நானேதான் இங்கே வந்தேன். சிமுலேட்டரைப் போட்டுக்கூடப் பார்த்தேன், உட்கார முடியவில்லை. யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. நீங்கள் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னீர்கள். சந்தோஷமாக இருந்தது.

நான் எழுந்து போயிருந்தால் கலம் விழுந்திருக்குமா என்று கேட்டீர்கள். விழுந்திருக்காது. ஆட்டோபைலட் போட்டிருந்தேன். என் இரண்டு கையும் மடியில்தான் இருந்தன. ஆனால் நீங்களே சொல்லுங்கள், மேடம். அவ்வளவு தூரத்தில், அந்த இருட்டில், அதைத் தனியாக விட்டுவிட்டு எப்படி எழுந்து போவது? கூட ஒரு ஆளாவது இருக்க வேண்டாமா?