பதினேழாம் நம்பர்

அந்தக் கறுப்புப் பெட்டிதான் தம்பி. டீவி பக்கத்துல, மேல லேஸ் துணி போட்டு மூடியிருக்கு பாரு. துணி எம் பொண்டாட்டி போட்டது. சூடாகும் சூடாகும்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன், கேட்டாத்தானே? எடுத்து அந்த நாற்காலில போடு. இல்லல்ல, ரிப்பேர்லாம் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் ஓடுது. கழட்டணும், அதுக்குத்தான் கூப்பிட்டேன். கழட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சின்ன உதவி பண்ணணும் நீ. மொதல்ல டீயக் குடி. சக்கரை எத்தன? ரெண்டு ஸ்பூன் போதுமா? அலெக்ஸாண்ட்ரியாக்காரன்தானே நீ? நாங்கல்லாம் நாலுக்குக் கீழ எறங்க மாட்டோம்பா.

எங்க கட்டடத்துல பத்து வீடு. பத்துக்கும் ஒரே இன்டர்நெட் லைன்தான். எங்க வீட்ல வந்து, நடுவுல காத்துக்கு விட்ட சந்து இருக்குல்ல, அது வழியா வயர் ஏறி எல்லா வீட்டுக்கும் போகுது. குடியிருக்கறவங்க சங்கத்துக்கு நான்தான் தலைவர். ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடி எங்க இருந்தேன்னு கேளு. துறைமுகத்துல, சுங்கத்துல. முப்பத்தஞ்சு வருஷம் பெட்டியத் தெறந்து பாத்து, இது உள்ள போலாம், இது போகக் கூடாதுன்னு சொன்ன கை இது. வீட்ல உக்காந்தா சும்மா இருக்குமா?

ரெண்டாவது மாடில உம்மு ஹானின்னு ஒரு அம்மா. மகன் போன்ல என்னென்ன கண்றாவியோ பாக்கறான், நான் என்ன பண்ணுவேன்னு சங்கக் கூட்டத்துல அழுதுட்டாங்க. நான் எந்திரிச்சு நின்னேன். லைன் எங்க வீட்டுல இருந்துதானே போகுது, வாசல்லயே நிறுத்திடலாம்னேன். எல்லாரும் கை தட்டுனாங்கப்பா. நஸ்மி வாத்தியார்தான் சத்தமாத் தட்டுனாரு. நாலாவது மாடி, பள்ளிக்கூடத்துல பூகோளம் எடுத்தவரு, இருபது வருஷமா காப்பிக்கடைல என்கூட டாமினோ ஆடறவரு.

அப்புறம் இந்தப் பெட்டிய வாங்கியாந்து மாட்டினோம். உனக்குத் தெரியாததா, எதெதத் தடுக்கணும்னு அதுல ஒரு பட்டியல் வருது. சூதாட்டமா, டிக்கு. ஆபாசமா, டிக்கு. மது, புகை, சண்டை, எல்லாத்துக்கும் டிக்கு. ஒரு வேகத்துல விளையாட்டுக்கும் போட்டுட்டேன் போல. அன்னிக்கு நம்ம ஊர் டீமுக்கு மேட்ச்சு. எல்லாரும் போன்லதானே பாக்கறானுங்க. பத்து வீட்டு ஜன்னலும் சந்துப் பக்கம் தெறந்துச்சு பாரு, ஏ ஹாஜி, பந்து எங்கய்யா, சுங்கத்துல மாட்டிக்கிச்சான்னு ஒரே கத்தல். சிரிக்காத. நானும் அன்னிக்குச் சிரிச்சேன். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. படிக்கட்டுல போனா பசங்க சட்டுனு போன சட்டைக்குள்ள போட்டுக்குவானுங்க, அது ஒரு சொகம்.

பெட்டி யாரு பேரையும் காட்டாது, நம்பர்தான் காட்டும், இல்லயா? ஒவ்வொரு போனுக்கும் அது ஒரு நம்பர் குடுக்குது. நான் ஒரு நோட்ட எடுத்துக்கிட்டு மாடி மாடியா ஏறி எறங்கி, யாரு போனுக்கு என்ன நம்பர்னு பாத்துப் பாத்து எழுதினேன். மாட்டிக் குடுத்தவரு அப்பவே சொன்னாரு. நம்பர்களப் பெட்டிக்குள்ளயே பூட்டி வச்சிரணும் ஹாஜி, இல்லன்னா பெட்டி அணைஞ்சு எரிஞ்சா மாறினாலும் மாறிடும்னு. நான்தான் நோட்டுல எழுதியாச்சே, அப்புறம் எப்படி மாறும்னு கேட்டேன். சுங்கத்துல பதிவேட்டுல ஏறினது ஏறினதுதான். அந்தப் புத்தி.

ஆமா, நீ சொல்றது சரி. தெனம் ரெண்டு மணி நேரம் கரண்ட நிறுத்தினாங்களே இந்தக் கோடைல, அதுலதான் மாறியிருக்கு. கரண்டு வந்தா யாரு போன் முந்துதோ அதுக்கு நம்பரத் தூக்கிக் குடுத்துருது. சில சமயம் பழசே வரும், சில சமயம் வராது. இதத்தான், நீ இப்ப சொன்னியே, இதே வார்த்தைய மேல வந்து நஸ்மிகிட்டச் சொல்லணும். அவ்வளவுதான் உதவி. நான் சொன்னா காதுல வாங்க மாட்டாரு. நீ படிச்சவன், இஞ்சினியரு.

ஏன்னா... சரி, சொல்றேன்.

பெட்டி வாரத்துக்கு ஒரு தடவ அறிக்கை அனுப்பும். யாரு எங்க போகப் பாத்தாங்க, எதத் தடுத்துச்சுன்னு. வெள்ளிக்கிழம காலைல நானும் எம் பொண்டாட்டி ஸுஹேரும் பயறு வச்சுச் சாப்பிட்டுக்கிட்டே அத வாசிப்போம். எனக்குக் கண்ணு சரியில்ல, அவதான் வாசிப்பா. தப்புதான், அடுத்த வீட்டுச் சங்கதி. இப்பத் தெரியுது. அப்ப சீரியல் பாக்கற மாதிரி இருந்துச்சு எங்களுக்கு. அப்படி ஒரு வெள்ளிக்கிழம வாசிக்கறா, பதினேழாம் நம்பரு, செவ்வாக்கிழம மத்தியானம் மூணு பத்து, ஆபாசம், தடுக்கப்பட்டதுன்னு. ஒண்ணு இல்ல, வரிசையா பதினோரு தடவ. நோட்டப் பாத்தா, பதினேழு, நாலாவது மாடி, ரிஹாம்.

நஸ்மியோட பொண்ணு. இருபத்து நாலு வயசு. மருந்துக்கடைல வேல பாக்குது. எனக்குப் பிரஷர் மாத்திரை அதுதான் கொண்டாந்து குடுக்கும், ராத்திரி மாத்திரையையும் காலை மாத்திரையையும் தனித்தனிக் கவர்ல போட்டு. ரமலானுக்கு அப்புறம்தான் நிச்சயம் ஆச்சு, நாங்கதான் பந்தல்ல முன்வரிசைல உக்காந்து இனிப்பு தின்னோம்.

ஸுஹேர்கிட்டச் சொன்னேன், வாயத் தெறக்காதடின்னு. சத்தியம் பண்ணினா. அவ தங்கச்சிகிட்ட மட்டும்தான் சொன்னாளாம். அந்தத் தங்கச்சி வீட்டுக்கு எதுத்த வீடுதான் மாப்பிள்ள வீடு. அவ என்ன பண்ணுவா, பொண்ணு எடுக்கற வீடாச்சே, தெரிஞ்சும் சொல்லலன்னா நாளைக்கு என்னக் கேப்பாங்கன்னு போய்ச் சொல்லிட்டா. பத்தே நாள்ல மாப்பிள்ளையோட அம்மா வந்து, நிச்சயத்துக்குப் போட்ட தங்கத்தக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. காரணம் சொல்லல. படிக்கட்டு எறங்கும்போது மட்டும் சொன்னாங்க, உங்க சங்கத் தலைவரக் கேளுங்கன்னு.

நஸ்மி எங்கிட்ட வரல. ரிஹாம்தான் வந்துச்சு.

இதோ, நீ உக்காந்திருக்கியே, அதே எடத்துலதான் வந்து நின்னுச்சு. உக்காரும்மான்னேன், உக்காரல. தன்னோட போன எடுத்து நீட்டுச்சு. பெரியப்பா, பூட்டெல்லாம் எடுத்துட்டேன், நீங்களே பாத்துக்கோங்க, போட்டோ, மெசேஜ், போன எடம் வந்த எடம் எல்லாம் இருக்கு, பாத்துட்டு எங்க அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கன்னுச்சு. அழலப்பா. அழுதிருந்தாக்கூடப் பரவால்ல.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? வாங்கினேன். கண்ணாடியத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டு, சோபால சாஞ்சு உக்காந்து, ஒவ்வொண்ணா விரல்ல தள்ளித் தள்ளிப் பாத்தேன். அந்தப் பையனுக்கு எழுதினதையெல்லாம் வாசிச்சேன். கல்யாணத்துக்கு ஜன்னல்துணி என்ன கலர்ல வாங்கலாம்னு ஒரு பேச்சு, சமையக்கட்டு ஓடு போட்டோ நாலு. அது நின்னுக்கிட்டே இருந்துச்சு. கடைசில, இதுல ஒண்ணும் இல்லம்மா, ஆனா அழிச்சிருக்கலாம்ல, அத என்னால சொல்ல முடியாதுன்னு போனத் திருப்பிக் குடுத்தேன். அது, சரி பெரியப்பா, நன்றின்னு சொல்லிட்டுப் போச்சு.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு மருந்துக்கடைக்குப் போறதில்ல. நஸ்மி காப்பிக்கடைக்கு வர்றதில்ல. டாமினோ கட்டைய எனக்கு முன்னாடி யாரும் கலைக்கறதும் இல்ல. உம்மு ஹானி மட்டும் சொல்றாங்க, நல்ல காரியம் பண்ணினீங்க ஹாஜி, கட்டடமே சுத்தமாச்சுன்னு. அந்தச் சொல்லக் கேக்கறப்பல்லாம் ஒடம்பு கூசுது.

அதனாலதான் சொல்றேன், மேல வந்து கரண்டு விஷயத்தச் சொல்லிடு. பெட்டி குழம்பிப் போச்சு, நம்பரு மாறிப் போச்சு, பொண்ணு மேல தப்பு இல்லன்னு. மாப்பிள்ள வீட்டுக்கும் நான் அப்படியே... என்ன? அப்ப அன்னிக்குப் பதினேழு யாருதுன்னா? அது எதுக்குப்பா நமக்கு? யாரோ ஒருத்தர். பத்து வீடு, முப்பது போன். அந்தப் பொண்ணு இல்லன்னு சொன்னாப் போதாதா? யாருன்னு சொன்னாத்தான் நம்புவாங்களா? ம்... நஸ்மியும் அதத்தான் கேப்பாரு. ஆமா, கேப்பாரு.

பெட்டி அத ஞாபகம் வச்சிருக்குமா? எப்படி? எந்த நம்பர எந்தப் போனுக்கு எந்த நேரத்துல குடுத்துச்சுன்னா? கரண்டு போனாக்கூடவா? எனக்கு அப்படி ஒரு பக்கம் இருக்கறதே தெரியாதே. இரு இரு, டீ ஆறுது பாரு. இனிப்பு கொண்டு வரவா? வேணாம்ப்பா, அதத் தெறக்காத. எதுக்கு இன்னொரு வீட்ட... சரி. சரி, தெற.

செவ்வாக்கிழமதான். எட்டாம் தேதி. கீழ போ. இன்னும் கீழ.

அதான், மூணு பத்து. பதினேழுக்கு நேரா என்ன பேரு இருக்கு, வாசி.

ஆமா, ஃபிக்ரிதான். போன் வாங்கினப்ப அதுக்கு ஒரு பேரு வைக்கச் சொல்லுச்சு, எம் பேரையே வச்சேன். இந்தக் கட்டடத்துல வேற ஃபிக்ரி இல்ல. கீழ பாக்காத தம்பி, என்னப் பாரு. இல்ல, பாக்காட்டியும் சரி.

அன்னிக்கு ஸுஹேர் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. கரண்டு அப்பத்தான் வந்துச்சு, ஃபேனு சுத்த ஆரம்பிச்சது. பெட்டி ஒழுங்காத் தடுக்குதான்னு சோதிச்சுப் பாக்கத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பதினோரு தடவையா சோதிப்பாங்க? அறுபத்து மூணு வயசு எனக்கு. ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்தவன். அறிக்கைல வரும்னு தெரியாதான்னு கேக்கற. எம் பேருல ஏறும்னு நெனைக்கலப்பா. முப்பத்தஞ்சு வருஷம் ஊர்ப் பெட்டியெல்லாம் சோதிச்சேன், ஒரு நாளாவது எம் பைய யாராவது தெறந்து பாத்தாங்களா?

என்ன சொல்ற? நோட்டு தப்பாப் போச்சு, உங்களுக்கும் தெரியாம நடந்துருச்சு, அப்படிச் சொல்லிடலாம்னா? நல்ல புள்ள நீ. எனக்கு ஒரு வழி விடற. அப்படியே சொல்லிடலாம்னுதான் ரெண்டு நாளாப் பழகி வச்சிருக்கேன், கண்ணாடி முன்னாடி நின்னுகூடச் சொல்லிப் பாத்தேன்.

ஆனா அவ மூணு பத்துன்னு வாசிச்சப்பவே எனக்குத் தெரியும் தம்பி. செவ்வாக்கிழம, மூணு பத்து, பதினோரு தடவ. வேற யாரு? அவ என்னத் திரும்பிப் பாத்து, யாருங்க இந்தப் பதினேழுன்னு கேட்டா. அவ பார்வை எம் மூஞ்சில ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாதுன்னு இருந்துச்சு எனக்கு. யாரு பேரு வேணா இருக்கட்டும், எம் பேரா இல்லாம இருந்தாப் போதும்னு, நோட்டப் பாருடின்னு சொன்னது நான்தான்.

பெட்டி அப்படியே இருக்கட்டும், கழட்டாத. அந்தப் பக்கத்தையும் மூடாத. எந்திரி, நாலு மாடி ஏறணும், லிஃப்ட் வேல செய்யல. நீ ஒண்ணும் பேச வேணாம், நானே சொல்லிக்கறேன், கதவ மட்டும் தட்டு. நான் தட்டுனாத் தெறக்க மாட்டாங்க.